அரக்கு முத்திரை போட்ட எட்டாம் நம்பர் பூட்ஸ்

நாலு நாளாக டெல்லி துவாரகாவில் எங்கள் வீட்டுப் பால்கனியில் ஒரு ஜோடி பூட்ஸ் நாறிக்கொண்டிருக்கிறது. பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே நாறுகிறது. பெட்டியைப் பிரித்த அன்று தட்டில் போட்டிருந்த தயிர்சாதத்தை அப்படியே மூடி வைத்துவிட்டு எழுந்து போனேன். எரிந்த பிளாஸ்டிக்கும் மண்ணெண்ணெயும் ஈரம் காயாத கோணிப்பையும் சேர்ந்தால் என்ன வாடை வருமோ அந்த வாடை. சமையலறையிலிருந்து என் மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தாள். "கர்மம், செத்த எலியையா பார்சல்ல அனுப்பியிருக்கான்? முதல்ல வெளில வைங்க" என்றாள். அன்றைக்கு வெளியே போனதுதான், இன்னும் அங்கேயே கிடக்கிறது.

பூட்ஸ் எனக்கில்லை. எங்கள் ஒரே பெண் நிவிக்கு. அவள் காட்டு விலங்குகளை ஆராய்ச்சி செய்யும் ஒரு குழுவில் வேலை பார்க்கிறாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அருணாசலத்துக்குக் கிளம்புகிறாள். மூன்று மாதம், அதுவும் மழைக்காலம். மரத்துக்கு மரம் கேமரா கட்டிவிட்டு வர ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் நடக்கணுமாம். ஓடை, சேறு, அட்டைப்பூச்சி எல்லாம் உண்டாம். அதனால் ராணுவத்தில் போடுவார்களே, கணுக்காலுக்கு மேலே ஏறும் பச்சை ஜங்கிள் பூட்ஸ், அது ஒரு ஜோடி வேண்டும் என்றாள். போனில் பார்த்து அவளே ஆர்டர் போட்டாள். படத்தில் கறுப்பு மை பூசிய முகத்தோடு ஒரு சிப்பாய் புதருக்குள் உட்கார்ந்திருந்தான். கீழே "மிலிட்டரி கிரேடு" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தான். நாலாயிரத்து எழுநூறு பேர் நட்சத்திரம் குத்தி ஆஹா ஓஹோ என்று எழுதியிருந்தார்கள்.

நிவி ஒரே ஒரு தடவை அதை எடுத்துப் போட்டுக்கொண்டு எங்கள் அபார்ட்மென்ட் சொசைட்டிப் பூங்காவை மூன்று சுற்று சுற்றினாள். மூன்றே சுற்று. நாலாவது சுற்றில் வலது கால் சோல் முன்பக்கம் வாயைப் பிளந்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் நான் விரலை உள்ளே விட்டு நெம்பிப் பார்த்தேன். ரப்பருக்கு அடியில் அட்டை! பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பரீட்சைக்குக் கொண்டுபோகும் அதே அட்டை. சீ என்று ஆகிவிட்டது எனக்கு. இதைப் போட்டுக்கொண்டு ஒரு பெண் காட்டுக்குள் போயிருந்தால் என்ன கதி என்று ஒருத்தனாவது யோசித்திருப்பானா? திருப்பி அனுப்பலாம் என்று பார்த்தால், ஏன் அனுப்புகிறீர்கள் என்று கேட்டு போன் ஒரு பட்டியலை நீட்டுகிறது. அளவு சரியில்லை, நிறம் பிடிக்கவில்லை, மனம் மாறிவிட்டது. அயோக்கியத்தனம் என்பதற்கு அந்தப் பட்டியலில் இடமே இல்லை.

பூட்ஸ் விஷயத்தில் மட்டும் எனக்கு ஏன் இவ்வளவு கோபம் வருகிறது என்று நீங்கள் கேட்கலாம். கேளுங்கள், சொல்கிறேன். முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் சம்பளம் வாங்கிக்கொண்டு பூட்ஸை மோந்து பார்த்தவன் நான்.

ஆர்.கே.புரத்தில், பெயர் சொல்ல வேண்டாம், ஓர் அரசாங்க அலுவலகம். படைகளுக்குப் போகும் சாமான்களைப் பரிசோதிக்கிற இடம். கூடாரத் துணி, கம்பளி, தண்ணீர் பாட்டில், பூட்ஸ் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு செக்‌ஷன். திருநெல்வேலிப் பக்கமிருந்து ஒரு தகரப் பெட்டியோடு வந்து இறங்கிய என்னைப் பூட்ஸ் செக்‌ஷனில் தள்ளினார்கள். ஊரில் கேட்டவர்களிடமெல்லாம் என் அப்பா "பையன் டெல்லியில டிஃபன்ஸ்ல இருக்கான்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். பையன் டெல்லியில் நாள் முழுக்க பூட்ஸுக்குள் மூக்கை விட்டுக்கொண்டு இருக்கிறான் என்று தெரிந்தால் பெண் கொடுப்பார்களா?

மோந்து பார்க்கிற வழக்கத்தைக் கொண்டுவந்தவர் எங்கள் செக்‌ஷன் தலைவர் பல்லா சாப். பஞ்சாபி. ஒல்லி. வருஷம் பூராவும் கையில் மடித்த கைக்குட்டை இருக்கும். ஆய்வகத்தில் தடிமன் அளப்பார்கள், தையலை எண்ணுவார்கள், சோலை இழுத்துப் பார்ப்பார்கள், அதெல்லாம் தனி. அந்தக் காகிதம் வந்த பிறகும் பல்லா சாப் மொத்தமாக வந்து இறங்கும் ஒவ்வொரு லாட்டிலிருந்தும் ஒரு பூட்ஸை எடுப்பார். இரண்டாக மடித்து விடுவார், அது துள்ளி நிமிர வேண்டும். கட்டைவிரல் நகத்தால் சோலைக் கீறுவார், பொடி உதிரக் கூடாது. கடைசியாகக் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு பூட்ஸுக்குள் முகத்தை வைத்து ஒரு இழு இழுப்பார். பழைய டயரை உருக்கிக் கலந்திருந்தால் அங்கேயே தெரிந்துவிடும் அவருக்கு. "பேக்கார். வாபஸ் பேஜோ" என்பார். உதவாது, திருப்பி அனுப்பு என்று அர்த்தம். அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. சப்ளை செய்கிற சேட்டுகள் இனிப்புப் பெட்டியோடு வந்து நின்றாலும் அவர் நிமிர்ந்து பார்க்க மாட்டார்.

எதை வைத்துத் தேறும், தேறாது என்று சொல்வது? அங்கேதான் அலமாரி வருகிறது. எங்கள் அறையில் ஓர் இரும்பு அலமாரி. அதன் மேல்தட்டில் ஒவ்வொரு வகை பூட்ஸுக்கும் ஒரே ஒரு ஜோடி உட்கார்ந்திருக்கும். மேலதிகாரிகள் பார்த்து, இதுதான் சரியான பூட்ஸ் என்று ஒப்புக்கொண்ட ஜோடி. இரண்டு பூட்ஸையும் சணல் கயிற்றால் சேர்த்துக் கட்டி, கயிற்றில் கையெழுத்துப் போட்ட ஓர் அட்டையைத் தொங்கவிட்டு, முடிச்சின் மேல் சிவப்பு அரக்கை உருக்கி முத்திரை குத்தி வைத்திருப்பார்கள். சீல் சாம்பிள் என்று பெயர். வருகிற லாட்டெல்லாம் அந்த ஜோடியைப் போல இருக்க வேண்டும், அவ்வளவுதான் சட்டம். அதை யாரும் போட்டு நடக்கக் கூடாது. அலமாரிச் சாவி ஜூனியரான என்னிடம் இருந்தது. அரக்கு உருக்கி முத்திரை குத்துகிற வேலையும் என்னுடையதுதான்.

ஜங்கிள் பூட்ஸின் சீல் சாம்பிள் எட்டாம் நம்பர். என் காலும் எட்டாம் நம்பர்.

அந்த ஜூலையில் நான் புரொபேஷனில் இருந்தேன். நிரந்தரமாக இன்னும் ஆறு வாரம் பாக்கி. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு சரோஜினி நகர் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் எனக்குப் பெண் பார்க்க ஏற்பாடாகியிருந்தது. டெல்லியில் எனக்கு இருந்த தூரத்துச் சித்தப்பா நேரே அங்கே வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தார். அன்று மத்தியானம் பிடித்தது பாருங்கள் ஒரு மழை! டெல்லி மழை தெரியுமல்லவா, அரை மணி நேரம் பெய்தால் போதும், சாக்கடையும் சாலையும் ஒன்றாகிவிடும். சாப்பாட்டுக்கு வெளியே போய்த் திரும்பும்போது என்னிடம் இருந்த ஒரே ஜோடி ஷூவின் சோல் தண்ணீரோடு போய்விட்டது. மேல்பாகம் மட்டும் காலைச் சுற்றிக்கொண்டு நிற்கிறது. முனிர்காவில் இருந்த அறைக்குப் போய்விட்டு வர நேரமில்லை. போனாலும் அங்கே இருந்தது பாத்ரூம் செருப்பு.

மணி ஐந்து. எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். நான் அலமாரியைத் திறந்தேன்.

எனக்கு அப்போது தோன்றியதை நினைத்தால் இப்போது என் தலையில் நானே குட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது. நம் ஆட்களின் வீட்டுக்குத்தானே போகிறோம், எப்படியும் செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகப் போகிறோம், காலில் என்ன இருந்தால் யாருக்குத் தெரியும் என்று நினைத்தேன். ஷூவோடு வீட்டுக்குள் போகிற வெள்ளைக்காரன் இந்தத் தப்பைச் செய்திருக்கவே மாட்டான். பிளேடால் சணலை முடிச்சுக்குப் பக்கத்தில் பதமாக வெட்டினேன். அரக்கும் அட்டையும் சேதமில்லாமல் கையோடு வந்தன. அவற்றை டிராயரில் பத்திரமாக வைத்தேன். திங்கட்கிழமை துடைத்துக் காயவைத்துக் கட்டிவிடலாம் என்பது திட்டம்.

அந்தப் பூட்ஸைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். முழங்கால் வரை தண்ணீர். ஆர்.கே.புரத்திலிருந்து சரோஜினி நகருக்கு அதில் நடந்தேன். கான்வாஸ் கணுக்காலைப் பிடித்துக்கொண்டது, ஆனால் அழுத்தவில்லை. புதுப் பூட்ஸ், ஓர் இடத்தில் கடிக்கவில்லை. உள்பக்கம் பாதத்தின் வளைவில் பொடிக் கம்பிவலை வைத்த இரண்டு ஓட்டை இருக்கும். தண்ணீரை விட்டு மேட்டில் ஏறியதும் ஒவ்வொரு அடிக்கும் அந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் பீச்சிக்கொண்டு வெளியே போனது. பத்து நிமிடத்தில் கால் லேசாக ஆகிவிட்டது. பாசி பிடித்த நடைபாதையில் ஒருமுறைகூட வழுக்கவில்லை. அவசரத்தையும் பயத்தையும் மீறிக் குஷியாக இருந்தது எனக்கு. என் வாழ்நாளில் அப்படி ஒரு ஜோடி என் காலில் இருந்தது அந்த அரை மணி நேரம்தான்.

இரண்டாவது மாடி. வாசலில் ஆறேழு ஜோடி செருப்புகள். ஓரமாகப் பூட்ஸை வைத்துவிட்டு உள்ளே போனேன். சமோசாவும் காபியும் வந்தன. என் ஈரக்கால் மொசைக் தரையில் பதித்த தடங்களைப் பெண் பார்த்துக்கொண்டே வந்தாள், என் முகத்தைப் பார்க்கவில்லை. பெண்ணின் அப்பா ஓர் அமைச்சகத்தில் ஹெட் கிளார்க். "தம்பிக்கு என்ன மாதிரி வேலை?" என்று கேட்டார். "ஆர்மிக்குப் போற பூட்ஸைச் செக் பண்றது, சார்" என்றேன். "பெர்மனென்ட் ஆயிடட்டும், ஆடி கழிஞ்சு பேசிக்கலாம்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

வெளியே வந்தால் பூட்ஸைக் காணோம். மற்ற செருப்பெல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தது. சித்தப்பாவின் தோல் செருப்பு இருந்தது, புத்தம் புதிய லேடீஸ் செருப்பு இருந்தது. எடுத்தவன் சரக்குத் தெரிந்தவன். மாடி மாடியாக ஏறி இறங்கினோம், காவலாளியைக் கேட்டோம், கிடைக்கவில்லை. "பூட்ஸ் செக் பண்ண வந்தவர் பூட்ஸையே யாரோ செக் பண்ணிட்டுப் போயிட்டானே" என்று பெண்ணின் அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். அவருடைய ஆறாம் நம்பர் ரப்பர் செருப்பைக் கொடுத்தார்கள். குதிகால் பாதி வெளியே தொங்க பஸ் ஏறினேன். அந்தப் பெண்தான் என் மனைவி. இந்தக் கதையை அவள் கல்யாண வீடுகளிலெல்லாம் சொல்லியாயிற்று. எங்கள் சொசைட்டியின் பாதிப்பேருக்கு இது தெரியும். போனது என் சொந்த பூட்ஸ் என்றுதான் எல்லோரையும் போல அவளும் நினைத்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை காலை பல்லா சாப்பிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். அவர் மேஜை வரைக்கும் போனேன். "க்யா ஹுவா, மதராஸி? ஷாதி பக்கி?" என்று கேட்டார். கல்யாணம் முடிவாகிவிட்டதா என்கிறார். பல்லைக் காட்டினேன். சொன்னால் விசாரணை, விசாரணை என்றால் வேலை போகும், வேலை போனால் சரோஜினி நகர் இரண்டாவது மாடியும் போகும். அப்படியே திரும்பினேன்.

அறையில் அப்போது எட்டாம் நம்பரில் இருந்தது ஒரே ஜோடிதான். ஒரு சேட்டிடமிருந்து இரண்டு முறை வந்து, இரண்டு முறையும் பல்லா சாப் மோந்துவிட்டு "பேக்கார்" என்று தள்ளிய லாட்டைச் சேர்ந்தது. பார்வைக்கு அச்சு அசல் அதே பூட்ஸ். மடித்தால் சோம்பேறித்தனமாக நிமிரும், நகத்தால் கீறினால் கறுப்புப் பொடி வரும். மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனபோது அதை எடுத்தேன். புதுச் சணல் போட்டுக் கட்டினேன். பழைய அட்டையைத் தொங்கவிட்டேன். மெழுகுவர்த்தியைக் கொளுத்தி அரக்கை உருக்கி முடிச்சின் மேல் விட்டு முத்திரையை அழுத்தினேன். கை நடுங்கவில்லை. தினம் செய்கிற வேலைதானே. இதை நினைக்கும்போதுதான் எனக்கு என் மேலேயே குமட்டிக்கொண்டு வருகிறது, அந்தக் கை கொஞ்சம் நடுங்கியிருக்கக் கூடாதா?

மூன்றாம் முறையாக அதே சேட்டின் லாட் வந்தது. அதே மட்டமான சரக்கு. பல்லா சாப் ஒரு பூட்ஸை மடித்தார், முகம் சுளித்தார். கீறினார், பொடி வந்தது. மோந்தார். "யே தோ வஹி கச்சரா ஹை" என்றார். அதே குப்பைதான் என்று அவர் வாயால் சொன்னார். பிறகு வழக்கப்படி சீல் சாம்பிளைக் கொண்டுவரச் சொன்னார். கொண்டுபோய் வைத்தேன். அதையும் மடித்தார், கீறினார், மோந்தார். இரண்டையும் மாற்றி மாற்றி மோந்தார். முத்திரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, மெதுவான குரலில், "ஹூபஹூ" என்றார். அப்படியே இருக்கிறது என்று அர்த்தம்.

லாட் தேறியது. ஒவ்வொரு அட்டையிலும் பாஸ் என்று முத்திரை குத்தியது நான்.

அடுத்த வாரம் பல்லா சாப் டிஸ்பென்சரிக்குப் போய் மூக்கைக் காட்டினார். டாக்டர் சொட்டு மருந்து கொடுத்தார். அதைத் தினம் இரண்டு வேளை தலையை அண்ணாந்துகொண்டு விட்டுக்கொள்வார், நான் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். டீயை மோந்து பார்ப்பார், ஆரஞ்சுத் தோலை மோந்து பார்ப்பார். "மேரி நாக் கயி, பேட்டா" என்பார், என் மூக்கு போய்விட்டதப்பா என்று. மூன்று மாதத்தில் அவரே எழுதிக் கொடுத்து ரெக்கார்ட் செக்‌ஷனுக்கு மாறிப் போய்விட்டார். தன்னால் இனிமேல் சரியாகச் சொல்ல முடியாதாம். அதற்குள் நான் நிரந்தரமாகியிருந்தேன். கல்யாணப் பத்திரிகையை அவருக்குத்தான் முதலில் கொடுத்தேன். ஒரு கம்பளிப் போர்வை பரிசளித்தார்.

பொய்ச் சாம்பிள் அந்த அலமாரியில் ஆறு வருஷம் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தது. சப்ளைக்காரர்களுக்கு எப்படித்தான் மூக்கில் வேர்க்குமோ, வரிசையாக எல்லோருடைய சரக்கும் அந்தத் தரத்துக்கு இறங்கியது. நல்ல ரப்பர் போட்டவன் நஷ்டப்பட்டு ஓடினான். ஒன்றுகூடத் திரும்பிப் போகவில்லை. எங்கள் செக்‌ஷனுக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது.

எங்கள் ஊரில் எதிர்வீட்டுச் செல்லத்துரை பட்டாளத்தில் சேர்ந்திருந்தான். எனக்குக் கல்யாணமான இரண்டாம் வருஷம், வடகிழக்கிலிருந்து லீவில் ஊருக்குப் போகும் வழியில் டெல்லியில் ரயில் மாற வந்தவன் எங்கள் குவார்ட்டர்ஸில் ஒரு நாள் தங்கினான். வாசலில் பூட்ஸைக் கழற்றும்போதே நாற்றம் வீட்டுக்குள் வந்துவிட்டது. பூட்ஸின் சோலைக் கூடாரக் கயிற்றால் சுற்றிக் கட்டி வைத்திருந்தான். காலுறையைக் கழற்றினான். பாதம் ஊறி, வெளுத்து, விரலிடுக்கெல்லாம் வெடித்துச் சீழ் கோத்திருந்தது. வலது கால் சுண்டுவிரலிலும் அதற்கு அடுத்ததிலும் நகமே இல்லை. உணர்ச்சியும் இல்லை என்றான். என் மனைவி அண்டாவில் வெந்நீர் வைத்து உப்புப் போட்டுக் கொண்டுவந்து அவன் காலடியில் வைத்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய் அழுதாள்.

"மூணு வாரம் தாங்க மாட்டேங்கு அண்ணாச்சி. தண்ணி உள்ள போனா வெளிய வரவே செய்யாது. இதெல்லாம் எவம் அண்ணாச்சி பாஸ் பண்ணுதான்? ஒங்க ஆபீஸா?"

"எங்க செக்‌ஷன் இல்லடே" என்றேன்.

"அதானே பாத்தேன். நீங்க இருந்தா இதை விடுவீங்களா?" என்றான் அவன். காலை வெந்நீருக்குள் வைத்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, ரொம்ப நிம்மதியாகச் சொன்னான்.

செல்லத்துரை இப்போது ஊரில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறான். பொங்கலுக்குப் பொங்கல் போன் செய்வான். மழைக்காலத்தில் அந்தக் கால் இழுக்கிறது என்பான். நான் தைலம் ஏதாவது சொல்வேன்.

இவ்வளவும் பால்கனியிலிருந்து வந்த நாற்றம் கிளப்பிவிட்டது. நான்கு நாளாக நானும் நிவியும் பூட்ஸ் தேடி அலைந்தோம். கரோல் பாக், கன்டோன்மென்ட் பக்கத்துக் கடைகள், வசந்த் குஞ்ச் மாலில் கண்ணாடிக்குள் வெளிச்சம் போட்டு வைத்த கடை, ஒன்றையும் விடவில்லை. நான் பழக்க தோஷத்தில் எடுத்த எடுப்பில் மடிப்பேன், கீறுவேன், மோப்பேன். ஒரு கடைக்காரப் பையா, "அங்கிள்ஜி, பூட் ஹை, கர்பூஜா நஹீ" என்றான். பூட்ஸ்தான், முலாம்பழம் இல்லையாம். "ஃபௌஜி மால் ஹை, ஆங்க் பந்த் கர்கே லே ஜாவ்" என்றான் இன்னொருத்தன். பட்டாளத்துச் சரக்கு, கண்ணை மூடிக்கொண்டு வாங்கிப் போகலாம் என்கிறான். கண்ணை மூடலாம், மூக்கை என்ன செய்வது? எல்லாம் ஒட்டுவேலை. எல்லாவற்றிலும் அதே வாடை. சில கடையில் வாடை தெரியக் கூடாதென்று சென்ட் அடித்து வைத்திருக்கிறார்கள், கண்ராவி. மாலில் இருந்த சீமைச் சரக்கின் கம்பிவலை ஓட்டையைக் குச்சியால் குத்திப் பார்த்தேன். உள்ளே அடைத்திருந்தது. சும்மா அழகுக்காக வைத்த ஓட்டை.

நேற்றுச் சாயங்காலம் நிவிக்குப் பொறுமை போய்விட்டது. கன்டோன்மென்ட் பக்கம் அவளே போய் ஒரு ஜோடி வாங்கி வந்துவிட்டாள். என் மனைவி கூடத்தில் உட்கார்ந்து அவளுடைய துணிகளை மடித்துப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். நிவி பூட்ஸை என் மடியில் வைத்தாள்.

"அப்பா, யே லாஸ்ட். ஸ்மெல் பண்ணிச் சொல்லு. பாஸா, ஃபெயிலா? நீ பாஸ் சொன்னா நான் கண்ண மூடிட்டுப் போட்டுப்பேன். தட்ஸ் இட். உன் லைஃப் பூரா இதானே பண்ணின?"

மடித்தேன். நிமிர்ந்தது, நிமிராமலும் இருந்தது. கீறினேன். முகத்தை உள்ளே வைத்து இழுத்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. நல்ல பூட்ஸ் எப்படி மணக்கும் என்பது எனக்கு மறந்துபோயிருந்தது. மறுபடி மோந்தேன். எதிரே பல்லா சாப் ஆரஞ்சுத் தோலை மூக்கில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது ஞாபகம் வந்தது. பூட்ஸைக் கீழே வைத்தேன். வைத்துவிட்டு, அலமாரியிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். யாரிடமும் சொல்லாததை, என் பெண்ணிடம், அவள் மூன்று மாதம் ஊரை விட்டுப் போகும் முன்னால்.

என் மனைவியின் கை மடித்த சட்டையோடு நின்றுவிட்டது. கல்யாண வீடுகளில் எத்தனை தடவை சிரித்துச் சிரித்துச் சொன்ன கதை!

"அன்னிக்கு எங்க வீட்டு வாசல்ல போனது உங்க பூட்ஸ் இல்லையா?" என்றாள்.

"இல்ல."

"அப்ப செல்லத்துரை கால்ல நான் வெந்நீர் வச்சேனே, அது?"

அவள் சட்டையைப் பையில் வைத்தாள், எழுந்து உள்ளே போனாள். அன்றைக்குப் போலவே போனாள்.

நிவி பூட்ஸை எடுத்துத் திரும்ப என் மடியில் வைத்தாள். "ஓகே. இப்ப சொல்லு. இது த்ரீ மன்த்ஸ் தாங்குமா, தாங்காதா? சச் சச் பதாவ், அப்பா."

உள்ளதை உள்ளபடி சொல் என்கிறாள். என் உத்தியோக காலத்தில் ஒருத்தரும் என்னிடம் இப்படிக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ! கீறிய நகத்தில் கறுப்புப் பொடி ஒட்டியிருந்தது.

"தாங்காதும்மா. மூணு வாரம் வரும்."

இன்று காலை அவளே செக்டார் சந்தை முனையில் உட்கார்ந்து செருப்புத் தைக்கும் மோச்சியிடம் கொண்டுபோய்ச் சோலைச் சுற்றிலும் இரட்டைத் தையல் போட்டு வாங்கி வந்தாள். ஊசி, மெழுகு நூல், பசை டப்பா ஒன்று என்று பையில் தனியாக எடுத்து வைத்திருக்கிறாள். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. மனைவி காபி கொடுத்தாள். செல்லத்துரையின் நம்பரை ஒரு காகிதத்தில் எழுதி டம்ளருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். என் போனில் அந்த நம்பர் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். பொங்கலுக்கு இன்னும் மாதக்கணக்கில் இருக்கிறது, அதுவரை அந்தக் காகிதம் காத்திருக்காது.

அந்த அலுவலகம் இடம் மாறிவிட்டது. அலமாரியை ஏலம் விட்டிருப்பார்கள். அரக்குக் குச்சியை இப்போது யாரும் பார்த்திருக்க மாட்டார்கள், ஸ்டிக்கர் ஒட்டுகிறார்களாம். மாடிப்படியிலிருந்து பூட்ஸைக் கொண்டுபோன புண்ணியவான் அதை வருஷக்கணக்கில் போட்டு உழைத்திருப்பான், அவனை எனக்குத் திட்டவும் வாய் வரவில்லை. பல்லா சாப் போய்ச் சேர்ந்துவிட்டார். சாவுக்குப் போயிருந்தேன். ரெக்கார்ட் செக்‌ஷனுக்குப் போன பிறகு அப்பா காய்கறியைக்கூட மோந்து பார்த்து வாங்க மாட்டார், அம்மாவையே பார்க்கச் சொல்வார் என்று அவர் மகன் சொன்னான். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் மூக்குக்குக் கடைசி வரை ஒன்றும் ஆகவில்லை. அது அன்றைக்கு உலகத்தில் ஒருத்தனுக்குத்தான் தெரியும், அவன் சாவு வீட்டிலும் வாயைத் திறக்கவில்லை.